அம்மா நெற்றியில் இட்ட சிலுவை



உங்களுக்கு முதன்முதலாகக் கைகூப்பக் கற்றுக்கொடுத்தவர் யார்? சற்றே நினைத்துப் பாருங்கள். கோயில் குருக்களா? தேவாலயத்துச் சாமியாரா? பள்ளிக்கூட வாத்தியாரா? நம்மில் பெரும்பாலோருக்கு அது அம்மாவாகவோ பாட்டியாகவோதான் இருக்கும். எந்த நாளில் கற்றுக்கொடுத்தார்கள் என்றுகூட நினைவிருக்காது. அவ்வளவு இயல்பாக அது நடந்து முடிந்திருக்கும்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பும் எடுத்து வருகிறேன். பிள்ளைகளுக்குப் பக்தியை ஊட்டுவது பற்றி நாலு பேருக்குச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். என் அம்மா நோயில் விழுந்த அன்று அந்த எண்ணம் உடைந்தது.

“இன்றைக்கு ஞாயிறு இல்லையே!”

அம்மா பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களிலேயே படுத்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. காய்ச்சல் அதிகமாக இருந்தது. பத்து வயதான என் மகனை அருகே அழைத்து, “ஐயா, பாட்டிக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுப்பா” என்றார்.

பையன் விழித்தான். என் முகத்தைப் பார்த்தான். “இப்பவா? இன்றைக்கு ஞாயிறு இல்லையேப்பா!” என்றான்.

அவனுக்கு மந்திரம் தெரியாமல் இல்லை. ஞானோபதேசத் தேர்வில் நல்ல புள்ளிகள் வாங்கியவன்தான். ஆனால், ஜெபம் என்பது ஞாயிற்றுக்கிழமை வகுப்பறையில் ஒப்பிக்க வேண்டிய பாடம் என்றே அவன் மனத்தில் பதிந்திருந்தது. நோயில் கிடக்கும் பாட்டிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அவனுக்குத் தெரியவில்லை.

அன்றிரவு அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை, கஞ்சி கொடுத்தபோது மெதுவாகக் கேட்டார்: “ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீ பாடம் சொல்றே தம்பி. உம் பிள்ளைக்கு யாரு சொல்றது?”

எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

படிக்காத அம்மா நடத்திய பாடம்

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செபமாலையைக் காதால் கேட்டே கற்றவர். அப்படியிருந்தும் எங்களுக்கு அவர் எப்படிக் கற்றுக்கொடுத்தார்?

விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்புவார். கிளம்பும்முன் பாயில் தூங்கிக்கொண்டிருக்கும் எங்கள் ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டைவிரலால் சிலுவை அடையாளம் இடுவார். அந்த விரலில் எப்போதும் ஒட்டுப்பால் வாடை அடிக்கும். பாதித் தூக்கத்தில், ‘அம்மா வேலைக்குப் போகிறார், நம்மைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்’ என்று எனக்குப் புரியும். அதுதான் என் முதல் ஞானோபதேச வகுப்பு.

மாலையில் வேளாங்கண்ணி மாதா படத்தின் முன் எல்லாரும் முழந்தாளிட வேண்டும். அதற்கு முன் ஒரு சட்டம் இருந்தது. வீட்டில் யாராவது சண்டை போட்டிருந்தால் முதலில் சமாதானம் ஆக வேண்டும், பிறகுதான் ஜெபம். அப்பா சில நாள் கள்ளுக்கடையிலிருந்து கோபத்தோடு வருவார். வாசலில் உட்கார்ந்திருப்பார். அம்மா ஜெபத்தைத் தொடங்காமல் காத்திருப்பார். கடைசியில் அப்பா முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, “சரி, தொடங்கு” என்பார். மன்னிப்பு என்றால் என்ன என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அந்த வாசற்படியில்தான் பார்த்தேன்.

தவக்காலம் வந்தால் தினமும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து ஒரு மைலோ டின்னில் போடுவார். நாற்பது நாள் முடிந்ததும் அந்த அரிசி, லயத்துக் கோடியில் தனியாக இருந்த ஒரு கிழவிக்குப் போகும். அந்தக் கிழவி கத்தோலிக்கர் அல்லர். அதைப் பற்றி அம்மா ஒருநாளும் பேசியதில்லை. மாரியம்மன் ஊர்வலம் எங்கள் வாசலைக் கடக்கும்போது, வருகிறவர்களுக்கு ஒரு குடம் மோர் கரைத்து வைத்திருப்பார். “அவங்க சாமியை மதிச்சாத்தான் நம்ம சாமிய நமக்குத் தெரியும்னு அர்த்தம்” என்பார்.

வீடே முதல் கோயில்

இது என் அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. மலாயா மண்ணில் கத்தோலிக்கத் தமிழர்கள் வாழ்ந்த முறையே இதுதான். பாகான் செராயில் பாதிரியார் ஃபே 1880களில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேற்றினார். அங்கே கோயிலும் அருகில் இருந்தது. ஆனால், பெரும்பாலான தோட்டங்களில் அந்த வசதி ஏது? சாமியார் எப்போதாவது வந்து பூசை வைப்பார். மற்ற நாள்களில் ஓர் உபதேசியார் இருந்தால் அவர் ஜெபம் சொல்வார். அவரும் இல்லையென்றால் வீடுதான் கோயில், தாய்தான் உபதேசியார். அப்படித்தான் மூன்று, நான்கு தலைமுறைகள் வந்தன.

பின்னாளில் திருச்சபையே இதை அழுத்தமாகச் சொன்னது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், குடும்பத்தை ஓர் இல்லத் திருச்சபையாகக் காட்டியது. பிள்ளைகளுக்கு முதலில் விசுவாசத்தை அறிவிக்க வேண்டியவர்கள் பெற்றோரே என்றும் கூறியது. விவிலியத்தில் புனித பவுல், இளைஞரான திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடியிருந்தது என்று இருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். பாட்டியிடமிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து மகனுக்கு! நம் லயத்து வீடுகளிலும் அதே வழிதானே?

இன்று நிலைமை என்ன? டவுனில் கோயில் பக்கத்தில் இருக்கிறது. வகுப்பு இருக்கிறது. ஆகவே, ‘வகுப்புக்கு அனுப்பிவிட்டோம், கடமை முடிந்தது’ என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. ஞாயிறு வகுப்பு அதில் ஒரு மணி நேரம். மீதி 167 மணி நேரமும் பிள்ளை யாரைப் பார்த்து வளர்கிறான்? நம்மைத்தான். பள்ளியில் நாங்கள் நன்னெறிக் கல்வி கற்பிக்கிறோம். பொய் சொல்லாதே, மூத்தோரை மதி என்று சொல்லிக்கொடுக்கலாம். ஆனால், கடவுளிடம் பேசுவது எப்படி என்பதை வீட்டில்தான் காட்ட முடியும்.

என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டில் தொடங்கியவற்றைச் சொல்கிறேன். பெரிய காரியங்கள் அல்ல.

முதலாவது, நேரம். ஐந்து நிமிடம் போதும். இரவு உணவுக்குப் பின் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, செபமாலையில் ஒரு பத்து மணி மட்டும் சொல்கிறோம். ஐம்பத்து மூன்று மணியும் சொல்ல வேண்டும் என்று தொடங்கினால் மூன்றாம் நாள் நின்றுவிடும்.

இரண்டாவது, காரணம். ஒவ்வொரு நாளும் யாருக்காக ஜெபிக்கிறோம் என்று பிள்ளையே சொல்லட்டும். பாட்டியின் காய்ச்சல், மாமாவின் வேலை, தேர்வு எழுதும் தோழன். அப்போது ஜெபம் ஒப்பித்தலாக இல்லாமல் அன்பாக மாறும்.

மூன்றாவது, தகப்பன்மார்களே, இது நமக்கு. ‘அதெல்லாம் பொம்பளைங்க வேலை’ என்று நாம் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தால், மகனும் மீசை முளைத்ததும் திண்ணைக்கு வந்துவிடுவான். பிள்ளையிடம் தவறாகக் கோபப்பட்டால், “அப்பா செய்தது தப்பு” என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்கு உட்காருங்கள். அந்த ஒரு வார்த்தை பத்துப் பிரசங்கத்துக்குச் சமம்.

நான்காவது, கொடுத்தல். பிடியரிசி டின் இப்போது எங்கள் வீட்டில் சில்லறைக் காசு டின்னாக இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள். சாதி, சமயம் பார்க்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

ஐந்தாவது, கேள்வி. பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால், “எனக்குத் தெரியவில்லை, சாமியாரிடம் கேட்போம்” என்று சொல்லுங்கள். அதனால் மரியாதை குறையாது.

அன்னம்மாள் காட்டிய வழி

ஜூலை 26ஆம் தேதியை ஒட்டி புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு நம்மில் எத்தனையோ பேர் போகிறோம். மற்றச் சமயத்தாரும் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். 1888இல் கட்டிய பழைய கோயிலும் அங்கே நிற்கிறது. அன்னம்மாளின் பெயர் விவிலியத்தில் இல்லை. பழைய மரபு வழியாகவே அவரை மாதாவின் தாய் என்று அறிகிறோம். ஓவியர்கள் அவரை எப்படி வரைந்தார்கள் தெரியுமா? சிறுமி மரியாளைப் பக்கத்தில் நிறுத்தி, ஏட்டைக் காட்டிப் படிக்கச் சொல்லித்தரும் தாயாக! தம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தத் தாயின் பெருமை.

என் அம்மா அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். கடைசி இரவில், யாரும் சொல்லாமலே என் மகன் கட்டிலருகே போய் அமர்ந்து அருள்நிறை மந்திரம் சொன்னான். தப்பில்லாமல் சொன்னான் என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் தடுமாறினான். அப்போது அம்மாவின் உதடுகள் மெல்ல அசைந்து அவனுக்கு எடுத்துக்கொடுத்தன. முடித்ததும், அவன் தன் கட்டைவிரலால் பாட்டியின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டான்.

அன்றைக்கு வியாழக்கிழமை.

பெற்றோரே, நாளை காலை வேலைக்குக் கிளம்பும்முன், தூங்கும் உங்கள் பிள்ளையின் அருகில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் வழக்கப்படி திருநீறோ சிலுவையோ, அந்த நெற்றியில் இட்டுவிட்டுப் போங்கள். பிள்ளை தூங்குகிறது என்று நினைக்காதீர்கள். அது கற்றுக்கொண்டிருக்கிறது.