லெகோ ரயில்: தண்டவாளம் அதேதான், மோட்டார்தான் பிரச்சினை!

1966-ல் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் மோட்டாரில் ஓடும் முதல் பொம்மை ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலத் தண்டவாளம், 4.5 வோல்ட் பேட்டரி. தண்டவாள இடைவெளி இன்றுவரை மாறவில்லை. ஆனா மின்சாரம்?

1969-ல் 12 வோல்ட், 1991-ல் 9 வோல்ட், 2006-ல் மறுபடியும் பேட்டரி, 2018-ல் ப்ளூடூத்!

இதில் பெரிய அடி 9 வோல்ட் ரசிகர்களுக்கு. அந்த வகையில் தண்டவாளத்தின் உலோகத் தகடு வழியாகவே மோட்டாருக்கு மின்சாரம் வரும். ரயிலில் பேட்டரியே வேண்டாம். 2007-ல் லெகோ அதை நிறுத்தியது. புதிய பிளாஸ்டிக் தண்டவாளத்தில் பழைய ரயிலைத் தள்ளினால் உருளும். தானாக ஓடாது.

சரி, தூக்கிப் போட்டுட்டாங்களா? இல்லை. ரசிகர்கள் தொடங்கிய சிறு நிறுவனங்கள் உலோகத் தண்டவாளத்தைத் தாங்களே தயாரிக்கின்றன. லெகோ வளைவுகள் 16 சேர்ந்தால் ஒரு வட்டம். இவர்களிடம் அதைவிடப் பெரிய வளைவுகளும் உண்டு. ப்ளூடூத் ரயிலை போன் ஆப் இல்லாமலே ஓட்ட, ‘பைப்ரிக்ஸ்’ என்ற இலவச மென்பொருளும் இருக்கு. கம்பெனி நாளைக்கு ஆப்பை நிறுத்தினாலும் ரயில் நிற்காது.

பழைய லெகோ ரயில் வாங்கப் போறீங்களா? மோட்டார் சக்கரத்தைப் பாருங்க. உலோக விளிம்பு இருந்தா 9 வோல்ட். உலோகத் தண்டவாளமும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்த்துக் கிடைக்குதான்னு கேட்டுட்டு காசு கொடுங்க.