விடுதி அறையிலிருந்து முதலமைச்சர் கதிரைக்கு: அஸ்ஸாமின் மகந்தா

1985 ஓகஸ்ட் நடுப்பகுதியில் திம்புவில் எமது இயக்கங்களுக்கும் இலங்கை அரசுக்கும் இடையிலான இரண்டாம் சுற்றுப் பேச்சு முறிந்துகொண்டிருந்தது. அதே நாட்களில் புதுடில்லியில் ராஜீவ் காந்தி அரசு இன்னொரு உடன்படிக்கையைச் செய்து முடித்தது. ஓகஸ்ட் 15 அதிகாலையில் அஸ்ஸாம் உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர்களில் ஒருவர் மாணவர் தலைவரான பிரபுல்ல குமார் மகந்தா. நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 24இல், அவர் அஸ்ஸாமின் முதலமைச்சரானார். அதற்கு முதல் நாள்தான் அவருக்கு 33 வயது நிறைந்திருந்தது. பல்கலைக்கழக விடுதியிலிருந்து நேரே முதலமைச்சர் கதிரைக்குப் போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். திம்பு பற்றி எழுதிக் குவித்த நாம் இந்த மனிதரைப் பெரிதாகக் கவனித்ததில்லை. ஓர் இயக்கம் அரசாங்கமானால் என்ன நடக்கும் என்று வருடக்கணக்காக விவாதித்தவர்கள், அப்படி ஆன ஒன்றை எட்டிப்பார்க்கவில்லை என்பது விசித்திரம்தான்.

மகந்தாவை உருவாக்கியது ஒரு வாக்காளர் பட்டியல். 1979இல் மங்கள்தோய் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தலுக்காகப் பட்டியல் திருத்தப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெயர்கள் பங்களாதேஷிலிருந்து வந்தவர்களுடையவை என்ற ஆட்சேபம் எழுந்தது. மகந்தாவைத் தலைவராகவும் பிருகு குமார் புகானைப் பொதுச்செயலாளராகவும் கொண்ட அனைத்து அஸ்ஸாம் மாணவர் சங்கம் தெருவில் இறங்கியது. அந்நியரை இனங்காண், பட்டியலிலிருந்து நீக்கு, நாட்டைவிட்டு வெளியேற்று என்பதே கோரிக்கை. ஆறு வருடம் அஸ்ஸாம் இதனால் கொதித்தது. எண்ணெயும் தேயிலையும் வெளியே போக, நிலமும் மொழியும் கைநழுவுகின்றன என்ற அச்சம் பொய்யானதல்ல. அதை வெறும் இனவெறி என்று தள்ளிவிடுவது டில்லியின் பார்வை.

ஆனால் நெல்லியையும் தள்ளிவிட முடியாது. 1983இல் இந்திரா காந்தி அரசு பிடிவாதமாகத் தேர்தலை நடத்தியது. மாணவர் சங்கம் பகிஷ்கரிக்கச் சொன்னது. வங்காள வம்சாவளி முஸ்லிம்கள் பலர் வாக்களித்தார்கள். பெப்ரவரி 18 காலை நெல்லியிலும் அயல் கிராமங்களிலும் அவர்கள் சுற்றி வளைக்கப்பட்டு, சில மணித்தியாலங்களுக்குள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1800க்கு மேல் என்பது அரசாங்கக் கணக்கு. ஓட முடியாத பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். இதற்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1985 உடன்படிக்கையில் நெல்லியில் இறந்தவர்களுக்காக ஒரு வரியும் இல்லை.

உடன்படிக்கை என்ன சொன்னது? 1966க்கு முன் வந்தவர்கள் இருக்கலாம். 1966இலிருந்து 1971 மார்ச் 24 வரை வந்தவர்கள் பத்து வருடத்துக்கு வாக்குரிமை இழப்பார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் வெளியேற்றப்படுவார்கள். இதை நிறைவேற்றுவதாகச் சொல்லியே புதிதாகப் பிறந்த அஸ்ஸாம் கண பரிஷத் டிசம்பரில் வென்றது. மகந்தா முதல்வர், புகான் உள்துறை அமைச்சர்.

இங்கேதான் பொறி இருந்தது. பிரஜாவுரிமை மாநில அரசின் கையில் உள்ள விடயமல்ல. ஒருவர் அந்நியர் என்று நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றஞ்சாட்டுபவர் மீதே சுமத்திய 1983ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அதை முதலமைச்சரால் தொட முடியாது. மகந்தாவுக்குக் கிடைத்தது ஒரு தலைமைச் செயலகமும் பொலிஸும்தான். வெளியேற்றப்பட்டவர்கள் மிகச் சொற்பம். நிலமும் வேலையும் கேட்டு ஒன்றுபட்ட கூட்டத்துக்குள், பதவி யாருக்கு என்ற சண்டை வந்தது. 1991இல் புகான் தனிக்கட்சி கண்டு, பிறகு திரும்பினார். போடோக்கள் தமக்குத் தனி மாநிலம் கேட்டு எழுந்தபோது, நேற்றுவரை சிறுபான்மையின் மொழியில் பேசியவர்கள் பெரும்பான்மையின் மொழியில் பதில் சொன்னார்கள்.

அதே 1979இல் தோன்றிய உல்பாவை மகந்தா ஆட்சி கண்டும் காணாமல் விட்டது என்று சொல்லி, 1990 நவம்பரில் சந்திரசேகர் அரசு அவரைப் பதவி நீக்கி இராணுவத்தை அனுப்பியது. இரண்டு மாதம் கழித்து கருணாநிதி ஆட்சியைக் கலைத்ததும் அதே சந்திரசேகர் அரசுதான். அங்கே சொல்லப்பட்ட காரணம் புலிகள். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்த தமிழ்க் கட்டுரையொன்றை நான் காணவில்லை.

1996இல் திரும்பி வந்த மகந்தா வேறு ஆள். 1997இல் இராணுவம், பொலிஸ், துணைப்படைகளை ஒன்றிணைத்த கூட்டுக் கட்டளையகம் அவர் ஆட்சியில் அமைந்தது. அதே வருடம் உல்பா அவரைக் கொல்ல முயன்றது. 1998க்கும் 2001க்கும் இடையில் முகமூடி அணிந்தவர்கள் உல்பாக்காரரின் அண்ணன் தம்பிகளையும் உறவினரையும் வீடு தேடிச் சென்று சுட்டார்கள். ‘இரகசியக் கொலைகள்’ என்று அஸ்ஸாமில் இன்றும் சொல்கிறார்கள். பின்னர் அமைந்த நீதிபதி சைக்கியா ஆணைக்குழு மகந்தாவை நோக்கி விரல் நீட்டியது. அவர் மறுத்தார். 2018இல் உயர்நீதிமன்றம் ஆணைக்குழு அமைக்கப்பட்ட முறையே சட்டத்துக்கு ஏற்றதல்ல என்று தீர்ப்பளித்தது. சுட்டவர்கள் யார் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. முகமூடியும் வெள்ளை வானும் தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2001இல் தோல்வி. 2005இல் தானே நிறுவிய கட்சியிலிருந்து நீக்கம், 2008இல் மீள்வருகை. 1991 முதல் வென்றுவந்த பர்ஹாம்பூர் தொகுதி 2021இல் கூட்டணிக் கட்சியான பாரதிய ஜனதாவுக்குப் போனது. அவருக்குப் போட்டியிட இடமில்லை.

மாணவர் சங்கத்தின் கோரிக்கையோ அவரைவிட நீண்டகாலம் வாழ்ந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை 2005இல் உச்சநீதிமன்றம் நீக்கியது. வழக்குத் தொடுத்தவர் அதே சங்கத்தின் முன்னாள் தலைவர் சர்பானந்த சோனோவால். 2016இல் அவரும் முதல்வரானார், பாரதிய ஜனதாவின் பெயரில். 2019 ஓகஸ்ட் 31இல் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர் இல்லை. தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக வரிசையில் நின்றவர்களைப் பார்க்கையில், 1948இல் மலையகத் தமிழரிடம் தந்தைவழிப் பிறப்புக்கு அத்தாட்சி கேட்ட சட்டமே எனக்கு ஞாபகம் வந்தது. அகதி விசாரணை அறையில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மிலும் எத்தனை பேர்?

அதே வருட இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நாம் எதிர்த்தோம். பங்களாதேஷ், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதாருக்கு வழி திறந்த அது, தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழரை வெளியே விட்டது. மகந்தாவும் எதிர்த்தார், தன் கட்சி நாடாளுமன்றத்தில் ஆதரித்து வாக்களித்தபோதிலும். இத்தனை பேரை உள்ளே விடுகிறது என்பது அவருடைய காரணம்.