‘பிக்கப்’ ஆகும் ஆங்கிலம்

பெங்களூரு ஜீவனஹள்ளித் தெருக்களில் காலையில் அதிகம் காதில் விழும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், ‘பிக்கப்’ என்பேன். “மேடம், பிக்கப் பாயின்ட்ல நிக்கிறேன், வாங்க” என்கிறார் கேப் ஓட்டுநர். “எத்தனை தடவ அடிக்கிறது, ஃபோனை பிக்கப் பண்ண மாட்டியாடா?” என்று மகனைக் கடிந்துகொள்கிறார் ஓர் அம்மா. மெக்கானிக்கிடம் “வண்டி பிக்கப்பே இல்லண்ணா” என்று முறையிடுகிறார் ஒருவர். முதல் வாரம் காற்றாடிய படம் இரண்டாம் வாரம் “பிக்கப் ஆயிடுச்சு”.

இப்படிப் பேசி வளரும் பிள்ளைகள்தான், வேலை நேர்காணல் என்றதும் வழிகாட்டி நூலைத் திறந்து, ‘பிக் அப்: எடு, ஏற்றிக்கொள், கற்றுக்கொள், தேறு, அதிகரி’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். அது வீண் உழைப்பு. வாயில் ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டுப் பட்டியலை உருப்போட வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

வினையோடு ‘அப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து வரும் இந்த வகை வினைகள் வேற்று மொழிக்காரர்களைத் தடுமாற வைக்கும் என்று சாமுவேல் ஜான்சனே 1755-இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். இவற்றுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் தம் நூலில் பயன்படுத்தினார்.

‘பிக் அப்’ என்பதற்கு அடிப்படை, கீழே கிடப்பதைக் கையால் மேலே எடுப்பது. வழியில் நிற்பவரை வண்டியில் ஏற்றிக்கொள்வதும், அடிக்கும் ஃபோனை எடுப்பதும் அதையொட்டி வந்தவை. படுத்துவிட்ட வியாபாரம் சூடுபிடிப்பதிலும், காய்ச்சலில் கிடந்தவர் தேறுவதிலும் அதே ‘மேலே’ இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வதையும் இப்படியே சொல்வார்கள்.

ஒத்த சொற்கள் என்று நூல்கள் தருபவை முழுக்க ஒத்தவை அல்ல. ‘லேர்ன்’ என்றால் உட்கார்ந்து படித்தும் கற்கலாம். ‘பிக் அப்’ என்றால் புழக்கத்தில் தானாக ஒட்டிக்கொள்வது. காக்ஸ் டவுனை அடுத்த இந்தப் பகுதியில் வளரும் தமிழ்ப் பிள்ளை, விளையாடும் இடத்தில் கன்னடத்தை ‘பிக் அப்’ செய்கிறது. தோரணையும் வேறு: நூல்கள் ஒத்த சொற்களாகத் தரும் ‘கலெக்ட்’, ‘அக்வயர்’, ‘ரெஸ்யூம்’ போன்றவை லத்தீன் வேர் கொண்டவை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் லத்தீனும் ஆட்சிக்கும் எழுத்துக்கும் உரியவையாக இருந்தன. அதனால்தான் அவ்வழிச் சொற்கள் பலவற்றுக்கு இன்றும் கடிதத் தோரணை இருக்கிறது.

ஒரே வினை பல பொருள் தரும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. நம் ‘எடு’ எத்தனை வேடம் போடுகிறது! எடுத்துவை, எடுத்துச்சொல், எடுத்துக்கொடு. அதிலும் ‘எடுத்துக்கொள்’ ஒன்றே மாத்திரைக்கும் வரும், சிரமத்துக்கும் வரும். “தப்பா எடுத்துக்காதீங்க” என்னும்போது மனசுக்கும் வரும். கன்னடத்திலும் இதே ஏற்பாடுதான். நம் ‘சொல்லிவிடு’ அங்கே ‘ஹேளிபிடு’. ‘கற்றுக்கொள்’ அங்கே ‘கலிதுகொள்ளு’. இரண்டு மொழிகளிலும் இந்தத் துணைவினைகளை யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைகளை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்கியது. ஆங்கில வினைகளையும் அந்த வழியில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்: ஒரு பொருளுக்கு, பிள்ளைக்குத் தெரிந்த தெருவிலிருந்து ஒரு வாக்கியம்.

கவனமாகச் சொல்லித்தர வேண்டியவை இரண்டு. நாம் ஃபோனை பிக்கப் ‘பண்ணுகிறோம்’, படம் பிக்கப் ‘ஆகிறது’; ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லை, ‘பிக் அப்’ என்ற ஒரே வினை இரண்டுக்கும் போதும். பண்ணு, ஆகு என்பதை மொழிபெயர்க்க நினைத்து ‘டூ பிக்கப்’ என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டாவது, சொல் வரிசை. ‘பிக் அப் த பார்சல்’ என்றும் சொல்லலாம், ‘பிக் த பார்சல் அப்’ என்றும் சொல்லலாம். பார்சலை ‘இட்’ என்று சுட்டினால் மட்டும் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘பிக் இட் அப்’.