மேண்டில் சாம்பல்

அன்றெல்லாம் விருத்தாசலம் பக்கத்து நல்லூரில் தெருக்கூத்து என்றால் பொழுது சாயும்போதே வாடகை பெட்ரோமாக்ஸ் வந்துவிடும். லைட்டுக்காரர் புது மேண்டிலை நூலால் இறுக்கிக் கட்டித் தீ வைப்பார். துணிப்பை எரிந்து, தொட்டால் உதிரும் வெள்ளைச் சாம்பல் வலையாகத் தொங்கும். பம்ப் அடித்ததும் தெருவே பகலாகும். பழைய மேண்டிலைத் தட்டி உதிர்த்து, ஒட்டியிருந்த தூளை வாயால் ஊதுவார். சுற்றி நின்ற பிள்ளைகள் முகத்திலும் அது படியும். யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தச் சாம்பலில் பெரும்பங்கு தோரியம் ஆக்சைடு. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் 1891இல் காப்புரிமை பெற்ற கலவை: 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம். இந்தத் தோரியத்துக்காகத்தான் குமரிக் கடற்கரை மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது.

இதே தோரியம் ஆக்சைடை 1930, 40களில் 'தோரோட்ராஸ்ட்' என்ற பெயரில், எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய, நோயாளிகளின் உடம்பில் ஊசியாக ஏற்றினார்கள். அது வெளியேறாமல் கல்லீரலில் தங்கியது. இருபது, முப்பது ஆண்டு கழித்துப் பலருக்கு அங்கே புற்றுநோய் வந்தது.

ஏன் அத்தனை தாமதம்? தோரியம் கதிரியக்கம் கொண்டது. அது உமிழும் ஆல்பா துகளை ஒரு காகிதமே தடுத்துவிடும். உள்ளே புகுந்துவிட்டாலோ, பக்கத்துச் செல்லின் டிஎன்ஏ இழை இரண்டையும் ஒரே இடத்தில் அறுக்கும். செல் அதை ஒட்டப் பார்க்கும். ஒட்ட முடியாவிட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். அதனால் கெடுதல் குறைவு. தப்பாக ஒட்டிக்கொண்டு உயிர் பிழைக்கும் செல்தான் ஆபத்து. பெருகாதே என்று தடுக்கும் மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாக, ஆண்டுகள் கழித்து அதன் வாரிசு ஒன்று கட்டியாகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கு இது எளிதில் புரியும்: பச்சை மண்ணில் விழுந்த மயிரிழைக் கீறல், சூளையிலிருந்து இறக்கிய பிறகுதான் வெடிப்பாகத் தெரியும்.

கூத்துப் பார்த்தவர்கள் பயப்பட வேண்டாம். அவர்களுக்கு நேர்ந்த கதிரின் அளவு மிகச் சிறியது. நாள் முழுக்க அந்தத் தூளோடு வேலை செய்த மேண்டில் தொழிலாளிகளை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. அவர்கள் மூச்சில் எவ்வளவு போனது என்று அன்று யார் அளந்தார்கள்?

இன்று நல்லூர்த் தெருவில் எல்இடி எரிகிறது. பல நாடுகளில் மேண்டிலுக்குள் தோரியம் போய் இட்ரியம் வந்துவிட்டது. கதிரோடு வேலை செய்பவர்களுக்கு இன்று அளவும் உண்டு: எக்ஸ்ரே அறை ஊழியர் சட்டையில் ஒரு சிறு பேட்ஜ் குத்தியிருப்பார். அவர் உடம்பில் பட்ட கதிரை அது பதிந்துவைக்கும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். மேண்டில் தொழிலாளிக்கு அன்று கிடைக்காதது அந்தக் கணக்குதான்.

பரணில் பழைய மேண்டில் கிடந்தால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், சாம்பலை ஊதாதீர்கள். டாக்டர் எழுதிய எக்ஸ்ரேயைப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஆனால் இதற்கு முன் எடுத்த சிடி ஸ்கேன்களைச் சொல்லுங்கள். கர்ப்பம் என்றால், படுக்கையில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.