இரவு 8 மணிக்கு இணையம் ஏன் தயங்குகிறது?

இணைய இணைப்பின் வேகமும் அதன் மறுமொழி நேரமும் வெவ்வேறு. 100 எம்பிபிஎஸ் என்ற எண், ஒரு விநாடியில் எவ்வளவு தரவு வரமுடியும் என்பதை மட்டுமே சொல்லும். அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகும் என்பதைச் சொல்லாது. வீடியோ அழைப்பில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்பது பெரும்பாலும் இந்தத் தாமதத்தின் விளைவு. இரவில் அது கூடுகிறது என்றால், தரவு செல்லும் வழியில் எங்கோ வரிசை நீள்கிறது என்று பொருள். அந்த இடம் தெரியாமல் விலை கூடிய திட்டத்துக்கு மாறுவது பெரும்பாலும் வீண் செலவு.

தூரத்தால் வரும் தாமதம் நேரத்துக்கு நேரம் மாறாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது, சென்னையிலிருந்து கடலடிக் கேபிளில் சிங்கப்பூர் போய்த் திரும்ப ஏறத்தாழ 30 மில்லி விநாடி ஆகும். அது காலையிலும் அவ்வளவுதான், இரவிலும் அவ்வளவுதான். எனவே ஒரே முகவரிக்கு விடியற்காலையில் ஒருமுறையும் இரவு 9 மணிக்கு ஒருமுறையும் பிங் (மறுமொழி நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துப் பார்க்க வேண்டும். கூடுதலாகத் தெரிவது பெரும்பாலும் வரிசையில் காத்திருந்த நேரம்.

முதலில் ரவுட்டருக்கே பிங் கொடுப்பது நல்லது. அதன் முகவரி பல வீடுகளில் 192.168.1.1 என்றிருக்கும். லேன் கேபிளில் 1 மில்லி விநாடிக்குள் வரும் பதில், வைஃபையில் 50, 100 என்று துள்ளினால் குறை வைஃபையில்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவில் எல்லா வீட்டாரும் அவற்றையே பங்கிடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதும், டிவியைக் கேபிளில் இணைப்பதும் உடனே பலன் தரும்.

பலரும் கவனிக்காமல் விடுவது பதிவேற்றத்தில் உண்டாகும் நெரிசலை. கைபேசி படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கியதும் ரவுட்டரின் பஃபர், அதாவது அனுப்பக் காத்திருக்கும் தரவை வைக்கும் இடம், நிரம்புகிறது. 10 எம்பிபிஎஸ் பதிவேற்ற இணைப்பில் 1 மெகாபைட் (8 மெகாபிட்) தரவு தேங்கினால், பின்னால் வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் 0.8 விநாடி காத்திருக்க வேண்டும். பொதுவாகப் பொட்டலம் தவறவிடப்படும்போதுதான், தரவை அனுப்பும் டிசிபி முறை வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபரோ எதையும் தவறவிடாமல் சேர்த்து வைத்து நெரிசலை மறைத்துவிடுகிறது. 2010-இல் ஜிம் கெட்டிஸ் இந்தக் குறையைக் கண்டு, ‘பஃபர்ப்ளோட்’ என்ற பெயரில் பலரறியச் செய்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் தந்த ‘கோடெல்’ முறை, பொட்டலம் வரிசையில் நின்ற நேரத்தைக் கணக்கிட்டு, நெடுநேரம் தேங்கினால் சிலவற்றைக் கைவிடுகிறது. இதிலிருந்து வளர்ந்த எஸ்க்யூஎம் வசதி உள்ள ரவுட்டரில், வேக வரம்பை உண்மை வேகத்தின் 90 சதவீத அளவில் வைத்தால் வரிசை கட்டுக்குள் நிற்கும். சிறிது வேகம் போகும். அது தகுந்த விலைதான். அந்த வசதி இல்லாதவர்கள் பேக்கப் வேலையை நள்ளிரவுக்குத் தள்ளி வைக்கலாம்.

வீட்டில் யாரும் எதையும் பயன்படுத்தாதபோதும், கேபிளில் அளந்தும், இரவுத் தாமதம் குறையவில்லை என்றால் நெரிசல் வெளியே இருக்கிறது. ஜிபான் வகை ஃபைபரில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் பதிவிறக்கத் திறனை 32 அல்லது 64 வீடுகள் பகிர்வது வழக்கம். அதற்கு மேலே நிறுவனத்தின் வெளி இணைப்புகளும் நிரம்பலாம். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரின் தாமதத்தையும் ஒவ்வொரு வரியில் தரும் டிரேஸ்ரூட் கட்டளை இதைக் காட்டும். ஆனால் நடுவில் ஒரு வரியில் மட்டும் எண் எகிறி அடுத்த வரிகளில் இறங்கினால் அது கோளாறு அல்ல, அந்த ரவுட்டர் சோதனைக்குப் பதில் தருவதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஓரிடத்தில் கூடிய தாமதம் கடைசி வரி வரை தொடர்ந்தால்தான் கணக்கு.

வெறுமனே ‘நெட் ஸ்லோ’ என்று புகார் செய்வதைவிட, ஒரு வார அளவுகளை நேரத்தோடு குறித்துக் கொடுப்பதே வலுவானது. புகார் எண்ணைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில், நிறுவனம் தரும் தீர்வு போதவில்லை என்றால் அந்த எண்ணோடு அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம்.