கார்களுக்குத் தனி வீடு!

"கார் வருது, ஓரம் போ!" தெருவில் விளையாடும்போது இதைக் கேட்காத குட்டீஸ் உண்டா? ஜெர்மனியில் உள்ள ஒரு குடியிருப்பில் கதையே வேறு. விளையாடும் பிள்ளைகளுக்காக அங்கே கார்தான் நின்று காத்திருக்க வேண்டும்!

அந்த இடத்தின் பெயர் வோபான். ஃப்ரைபர்க் நகரின் தெற்குப் பக்கம் இருக்கிறது. முன்பு அது பிரெஞ்சு ராணுவ முகாம். கோட்டைகள் கட்டிப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரின் பெயரைத்தான் முகாமுக்கு வைத்திருந்தார்கள். 1992-ல் படையினர் கிளம்பிவிட, கிட்டத்தட்ட 100 ஏக்கர் நிலம் காலியானது. அங்கே வீடுகள் கட்ட முடிவு செய்தது நகர நிர்வாகம்.

பொதுவாக, அதிகாரிகள் திட்டம் போடுவார்கள். மக்கள் பிறகு குடிவருவார்கள். இங்கே, குடிவர விரும்பியவர்களும் முதலிலேயே திட்டம் போட உட்கார்ந்தார்கள். வீட்டு வாசலில் கார் நிற்கக் கூடாது, அந்த இடம் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

ஆனால், ஒரு சிக்கல்! ஒவ்வொரு வீட்டுக்கும் கார் நிறுத்த இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்றது சட்டம். கார் இல்லாத வீட்டுக்கும்தான்!

என்ன செய்தார்கள் தெரியுமா? குடியிருப்பின் ஓரத்தில் கார்களுக்கென்று அடுக்குமாடிக் கட்டடங்கள் கட்டினார்கள். கார் வைத்திருப்பவர்கள் அங்கே விலை கொடுத்து இடம் வாங்க வேண்டும். கார் இல்லாதவர்கள் ஒரு சங்கம் அமைத்து, பணம் போட்டு, கொஞ்சம் நிலத்தைக் காலியாக வைத்தார்கள். என்றாவது தேவைப்பட்டால் அங்கே கார் நிறுத்தம் கட்டிக்கொள்ளலாம் அல்லவா? சட்டமும் மீறப்படவில்லை, விளையாட இடமும் கிடைத்தது!

பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் சாமான் ஏற்றி இறக்க மட்டும் கார் வரலாம். அதுவும் நாம் நடக்கும் வேகத்தில்தான்.

அப்படியானால் வெளியே எப்படிப் போவது? நடை, சைக்கிள், டிராம்! 2006-ல் டிராம் வண்டி வோபானுக்குள் வந்தது. தண்டவாளத்துக்கு நடுவே புல் வளர்த்திருக்கிறார்கள். ராணுவ முகாமில் நின்ற பழைய மரங்கள் பலவற்றை வெட்டாமல் காப்பாற்றினார்கள். மழைநீர் சாக்கடைக்கு ஓடிவிடாமல், புல் வளர்ந்த வாய்க்கால்கள் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. பழைய ராணுவக் கட்டடங்கள் சிலவற்றில் மாணவர்கள் தங்குகிறார்கள்.

இன்று அங்கே வசிப்பவர்கள் 5,000 பேருக்கு மேல்!

குட்டீஸ், உங்கள் தெருவை ஒரு தாளில் வரையுங்கள். வண்டிகள் நிற்கும் இடத்துக்குச் சிவப்பு, மரம் இருக்கும் இடத்துக்குப் பச்சை, நீங்கள் விளையாடும் இடத்துக்கு மஞ்சள் தீட்டுங்கள். எந்த நிறம் அதிகம்? மஞ்சளைக் கூட்ட என்ன செய்யலாம்? அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். வோபான் மக்களும் அப்படிப் பேசித்தான் தொடங்கினார்கள்!