அமுக்குவான் வந்தால் அலறாதீர்கள்!

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது, மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற சமயமெல்லாம் எனக்கு வாரம் ரெண்டு ராத்திரி இந்தக் கூத்துதான். கண் முழித்திருக்கும். ஃபேன் சுற்றுவது தெரியும், ரூம்மேட் குறட்டை கேட்கும். கை, கால் மட்டும் அசையாது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி அழுத்தம். கதவோரம் ஒரு நிழல். 'டேய்...'னு கத்தினால் தொண்டையைத் தாண்டாது. 'போய்ட்டோம் போலிருக்கே, அம்மாவுக்கு யார் சொல்றது?' என்றுதான் தோன்றும்.

"அமுக்குவான் பேய், தம்பி!" என்று தலையணைக்கடியில் இரும்புச் சாவி வைத்தார் வாட்ச்மேன். இந்தப் பேய்க்குப் பாஸ்போர்ட் உண்டு. ஜப்பானில் பெயர் 'கனாஷிபாரி'. 1781-லேயே ஃபியூஸ்லி என்ற ஓவியர், தூங்கும் பெண் மேல் ஒரு குட்டிப் பூதத்தை உட்கார வைத்து வரைந்துவிட்டார்.

சமாசாரம் இதுதான். கனவில் ஓடினால் நிஜத்திலும் எழுந்து ஓடிவிடக் கூடாதே என்று மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. சில சமயம் நாம் முழித்த பிறகும் கட்டு அவிழ்வதில்லை. கனவின் மிச்சம்தான் அந்த நிழல். மூச்சு நிற்காது. பெரும்பாலும் சில நிமிஷத்துக்குள் தானே விலகிவிடும்.

தூக்கம் கெடுவதும், மல்லாந்து படுப்பதும் இதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. அடிக்கடி வந்தாலோ, பகலிலும் தூக்கம் தள்ளினாலோ டாக்டரைப் பாருங்கள்.

நேரத்துக்குத் தூங்கி, ஒருக்களித்துப் படுத்ததில் என் அமுக்குவான் ரூமைக் காலி செய்துவிட்டான். பகலில் அமுக்கிய மானேஜருக்குத்தான் கடைசிவரை மருந்தே கிடைக்கவில்லை!